படுகளத்தில் ஆறாவது ஆள்

கோவிந்தம்மாள் கூட்டேரிப்பட்டில் பிறந்தவள். மயிலத்துக்குச் சாலை பிரிகிற இடத்தில் அவள் அப்பா டீக்கடை வைத்திருந்தார். லாரிக்காரர்கள், காவடி எடுத்துப் போகிறவர்கள், மாட்டுத் தரகர்கள் என்று நாளெல்லாம் புது முகங்கள் வந்துபோகிற கடை. அங்கேயே தவழ்ந்து அங்கேயே வளர்ந்தவள் என்பதால் மனுஷர்களைக் கண்டு அவளுக்குக் கூச்சம் கிடையாது. ஒரு ஆள் பெஞ்சில் உட்காருகிற தினுசைப் பார்த்தே அவன் பசியோடு வந்திருக்கிறானா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறானா என்று சொல்லிவிடுவாள்.

1954-ல் அவளை விக்கிரவாண்டிக்கு மேற்கே சித்தேரிப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை சுப்பராயலு நெடுநெடுவென்று வளர்ந்தவன், பேச்சு குறைவு. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் விளைகிற சொந்த நிலம். தாய் தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. "பிக்கல் பிடுங்கல் இல்லாத எடம்" என்று சொல்லித்தான் அவள் அப்பா முடித்தார். பெண்டாட்டியைக் கூப்பிடுவதென்றால் "இந்தா" என்பான், அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஆனால் அவள் சிரித்தால் அவனும் சிரிப்பான். அது போதும் என்று இருந்தாள்.

அந்த ஊரில் அவளுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். படுகளம்.

வைகாசியில் அம்மன் திருவிழா முடிகிற நாளில், வெயில் நன்றாக ஏறியதும், ஏரியை ஒட்டிய பொட்டலில் ஐந்து ஆண்கள் வரிசையாக மல்லாந்து படுப்பார்கள். போரில் மாண்ட அம்மனின் பிள்ளைகள் ஐந்து பேர். அவர்களுக்குப் பதிலாக இவர்கள். ஐந்து வீட்டுக்காரர்களுக்கு அந்த உரிமை உண்டு, வீட்டுக்கு ஒருவர். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத உடம்பைத் தலை முதல் கணுக்கால்வரை வெள்ளைத் துணியால் மூடுவார்கள். வெள்ளையம்மாள் என்கிறவள் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பாள். நிஜச் சாவு வீட்டில் வைக்கிற அதே ஒப்பாரி. அது முடிந்ததும் பூசாரி அம்மன் சாட்டையால் ஒவ்வொருவர் காலையும் தொடுவார். தொட்டதும் எழுந்திருப்பார்கள். சாட்டை தொடுவதற்கு முன்னால் வேறு எந்தக் கையும் அவர்கள்மேல் படக்கூடாது. படுகளத்துக்கு இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

சுப்பராயலு வரிசையின் கடைசி ஆள். அவனுக்கு வலப்பக்கம் நாலு பேர், இடப்பக்கம் வெறும் பொட்டல். துணி மூடியதும் கோவிந்தம்மாள் அவன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். விரல் லேசாக அசைந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

1957-ல் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு ஜீப் வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். சக்கரபாணி ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ் வாத்தியார், சொந்த ஊர் திண்டிவனம். விருத்தாசலம் டாக்டருக்குப் படித்து, வைத்தியம் பார்க்காமல் உடம்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். அம்சவள்ளி மனவியல் படித்தவர். விழுப்புரம் ரயில்வே காலனியில் வளர்ந்த பெண், முப்பது வயதுகூட இருக்காது. பாட்டு படித்தவன் பாட்டை எழுதிக்கொண்டு போய்விடுகிறான், உடம்பு படித்தவனும் மனசு படித்தவனும் ஊர்ப்பக்கம் எட்டிப்பார்ப்பதே இல்லை, எல்லோரும் ஒரே களத்தில் நின்று ஒரே சடங்கைப் பார்த்தால் என்ன என்பது சக்கரபாணியின் யோசனை. பல்கலைக்கழகத்தில் பலபேர் சிரித்தார்களாம். மன்றாடித்தான் அனுமதி வாங்கியிருந்தார்.

கோயில் தர்மகர்த்தா பச்சைமுத்து அவர்களை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துப் பேசினார்.

"பாட்டுப் புடிங்க, போட்டோ புடிங்க, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. படுத்தவங்கள மட்டும் தொடக்கூடாது. சாட்டை தொட்டப்புறம் நீங்க இன்னா வேணா பண்ணிக்கினு போங்க."

"சத்தியமா தொட மாட்டோங்க," என்றார் சக்கரபாணி. டாக்டரும் தலையை ஆட்டினார்.

அன்றைக்கு வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். உச்சிப்பொழுது, யார் காலடியிலும் நிழல் இல்லை. ஏரிக்கரைப் பனைகளில் ஒரு ஓலை ஆடவில்லை. வெள்ளையம்மாள் குரலைத் தவிர அவ்வளவு பெரிய கூட்டத்தில் வேறு சத்தமே இல்லை. சக்கரபாணி ஒலிப்பதிவு மிஷினைத் தரையில் வைத்துப் பக்கத்தில் குந்தியிருந்தார். டாக்டர் போட்டோ எடுக்கிறவர்போலக் கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு நகர்ந்து, கடைசியில் படுத்திருந்த சுப்பராயலுவின் பக்கத்தில் மண்டியிட்டார். துணிக்குள் கையை விட்டார்.

பெண்கள் கூட்டத்தில் நின்ற கோவிந்தம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். வாயைத் திறப்பதற்குள் டாக்டரின் முகம் மாறியது. மணிக்கட்டை விட்டுவிட்டுக் கழுத்தைத் தொட்டார். பையிலிருந்து குழாயை எடுத்துத் துணிக்கு மேலேயே மார்பில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு சக்கரபாணியைப் பார்த்து இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னார். ஜீப் டிரைவருக்கு அது புரிந்துவிட்டது.

"நாடி இல்லியாம்," என்றான் அவன் பக்கத்தில் நின்றவனிடம்.

காய்ந்த புல்லில் நெருப்பு ஓடுவதுபோல் அந்தச் சொல் ஓடியது. கோவிந்தம்மாள் விரல்களைப் பார்த்தாள். அசையவில்லை.

பூசாரிக்கு விஷயம் தெரியாது. முறைப்படி சாட்டையோடு வந்தார். நாலு பேர் தொட்டதும் எழுந்தார்கள். சுப்பராயலு எழவில்லை. திரும்பத் தொட்டார். கூட்டத்தில் யாரோ அழ ஆரம்பித்தார்கள். மூன்றாவது முறை தொட்டபோது துணி மேலெழும்பியது. சுப்பராயலு நிதானமாக, தூங்கி எழுகிறவனைப்போல் உட்கார்ந்தான். ஊரைப் பார்த்தான்; பெண்டாட்டியையும் பார்த்தான். அப்புறம் இடப்பக்கம் திரும்பி, அந்த வெறும் மண்ணைப் பார்த்துக் கேட்டான்:

"இவரு எந்திரிக்கலியா?"

"யாரு?" என்றார் பூசாரி.

"எம் பக்கத்துல படுத்திருக்காரே இவரு. ஆறாவது ஆளு. அவரையும் தொட்டு எழுப்புங்க சாமி."

பச்சைமுத்து தலையில் கையை வைத்துக்கொண்டார். டாக்டரைப் பார்த்து, "தொடாதீங்கன்னு சொன்னனே!" என்றார். கத்தக்கூட இல்லை. "சத்தியம் பண்ணிட்டுத் தொட்டீங்களே. இன்னாத்த தெறந்து உட்டீங்களோ தெரியலியே."

அதற்குப் பிறகு சுப்பராயலு ஏர் ஓட்டினான், தண்ணீர் பாய்ச்சினான், வழக்கம்போல் சாப்பிட்டான். காய்ச்சல் இல்லை, பிதற்றல் இல்லை. ஆனால் பாயில் படுத்தால் இடப்பக்கம் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டுப் படுத்தான். வரப்பில் நடந்தால் ஓரமாக ஒதுங்கி நடந்தான். வெற்றிலையை மடித்து இடப்பக்கம் நீட்டி, கொஞ்சம் பொறுத்து, தன் வாயில் போட்டுக்கொண்டான். இதெல்லாம்கூடக் கோவிந்தம்மாளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு நாள் வயலிலிருந்து வந்தவனிடம், "சாப்புடுறீங்களா?" என்று கேட்டாள்.

"நாங்க சாப்டுட்டோம்," என்றான்.

"நாங்கன்னா யாரு?"

அவன் திண்ணைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அவள் காதை அதிலேயே வைத்திருந்தாள். அவன் 'நான்' என்று சொல்வதை விட்டுவிட்டான். 'நாம' என்றும் சொல்வதில்லை. எல்லாம் 'நாங்க'தான். அந்த 'நாங்க'வில் அவள் இல்லை.

ஊர் ஒதுங்க ஆரம்பித்தது. அவர்கள் வீட்டிலிருந்து யாரும் நெருப்பு வாங்கவில்லை. மல்லாட்டை பிடுங்கக் கூப்பிட்டால் ஆள் வரவில்லை. ஆடி மாதம் கோவிந்தம்மாளுக்குத் தலைக்குளி நின்றது. கிணற்றடி, குளத்தடி எங்கே போனாலும் பெண்கள் கேட்டது ஒரே கேள்வி: "திருநாளுக்கு முன்னாடியா, அப்புறமாடி?" கேட்டுவிட்டு அவள் வயிற்றைப் பார்ப்பார்கள். அப்புறம்தான் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனியாக இருக்கும்போது வயிற்றில் கையை வைத்து, இது யாருடையது என்று ஒருதடவை நினைத்துவிட்டாள். நினைத்ததற்காகத் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் சக்கரபாணி திரும்ப வந்தார். திண்டிவனத்தில் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டுவீட்டை வாடகைக்கு எடுத்து ஆராய்ச்சிக்கென்று வைத்திருந்தார்கள். "கொஞ்ச நாள் அங்க வந்து இருங்க. உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு நாங்க கண்டுபிடிச்சிடறோம்," என்றார் சுப்பராயலுவிடம்.

"அவரு யாருன்னு சொல்லிடுவீங்களா?"

சக்கரபாணி தயங்கினார். "பாக்கலாம்."

சுப்பராயலு உடனே துண்டை உதறித் தோளில் போட்டான். வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருந்தும், அவனைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கோவிந்தம்மாளும் ஜீப்பில் ஏறினாள்.

திண்டிவனத்து வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று அறை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய் அவர்கள் சண்டை போடுவதைக் கோவிந்தம்மாள் அடுப்படியிலிருந்து கேட்பாள். பட்டினியும் வெயிலும் சேர்ந்தால் நாடி விரலுக்கு எட்டாமல் போகும் என்பார் டாக்டர். முன்னொரு காலத்தில் ஆறு பேர் படுத்திருக்கலாம், அந்த ஞாபகம் வம்சத்தில் எங்கோ தங்கியிருக்கலாம் என்பார் சக்கரபாணி. பிடித்து வந்த ஒப்பாரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார். அதில் ஐந்து பேருக்குத்தான் அழுகை இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. அம்சவள்ளி மட்டும் அதிகம் பேசமாட்டார். சுப்பராயலுவின் எதிரில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்பார்.

"அவரு எப்படி இருப்பாரு?"

"துணி மூடிக்கினு இருக்காரும்மா. மொகம் தெரியாது."

"பேசுவாரா?"

"மூச்சு விடுவாரு. நாங்க ஒண்ணா விடுவோம்."

முதல் வாரம் மூச்சு மட்டும்தான் இருந்தது. அடுத்த வாரம் அவர் உயரமானவர் என்றான். பிறகு கை சில்லென்று இருக்கும் என்றான். ஒருநாள் அம்சவள்ளி அடுப்படிக்கு வந்து கோவிந்தம்மாள் பக்கத்தில் மணையில் உட்கார்ந்தார்.

"கோவிந்தம்மா, எனக்கு ஒரு பயம். நாங்க கேக்கக் கேக்கத்தான் அது வளருதோன்னு."

"அப்ப கேக்காதீங்கம்மா," என்றாள் கோவிந்தம்மாள்.

"கேக்கறதுக்குத்தானே வந்திருக்கோம்," என்றார் அம்சவள்ளி. சொன்னவருக்கே அது நன்றாகப் படவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

அடுத்து டாக்டர் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார். படுகளத்தில் செய்ததைப்போலவே எல்லாம் செய்வது. சுப்பராயலுவைப் பட்டினி போட்டு, நடு அறையில் பாயில் படுக்கவைத்து, வெள்ளைத் துணி மூடினார்கள். நல்ல பகல், திறந்த ஜன்னல் வழியாக ரயிலடிச் சந்தடியும் வேர்க்கடலை விற்கிறவன் குரலும் வந்துகொண்டிருந்தன. சக்கரபாணி மிஷினில் ஒப்பாரியைப் போட்டார். டாக்டர் இந்தமுறை முன்கூட்டியே அவன் இடக்கையைப் பிடித்துக்கொண்டு, பாயின் இடப்பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கோவிந்தம்மாள் கதவில் சாய்ந்து நின்றாள்.

ஒப்பாரி பாதி ஓடியபோது டாக்டர் தன் விரலை அழுத்தி அழுத்தி வைத்தார். பிறகு விரலை எடுக்காமலேயே சக்கரபாணியைப் பார்த்துத் தலையை இடவலமாக ஆட்டினார். இல்லை. வெளியே வேர்க்கடலைக்காரன் கூவுவது அப்போது நின்றுவிட்டது போலிருந்தது, அல்லது யாருக்கும் அது காதில் விழவில்லை.

சக்கரபாணி மிஷினை நிறுத்தினார். சாட்டைக்குப் பதிலாக ஒரு கயிற்றால் காலைத் தொட்டார்கள். ஒருமுறை. இன்னொரு முறை. சுப்பராயலு முகத்துத் துணியை விலக்கி, டாக்டரைப் பார்த்தான். மரியாதையாகத்தான் சொன்னான்.

"சார், அவரு மேல உக்காந்துகினு இருக்கீங்க. கொஞ்சம் எந்திரிங்க. மூச்சு முட்டுதாம்."

டாக்டர் எழுந்ததைக் கோவிந்தம்மாள் கடைசிவரை மறக்கவில்லை. நெருப்பில் உட்கார்ந்தவரைப்போல் எழுந்தார். வேட்டியின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். அன்று மத்தியான ரயிலுக்கே சென்னைக்குப் போய்விட்டார். ஒருவாரம் கழித்து அவருடைய சாமான்களை எடுத்துப்போக ஆள் வந்தது, அவர் வரவில்லை. ஏன் என்று அம்சவள்ளி எழுதிக் கேட்டதற்கு, உட்கார்ந்த இடம் ஈரமாக இருந்தது என்று மட்டும் பதில் வந்ததாம். பாய் காய்ந்துதான் கிடந்தது. அதைச் சுருட்டி வைத்தவள் கோவிந்தம்மாள்தானே.

"போதுங்க. நாங்க ஊருக்குப் போறோம்," என்று அவள் சக்கரபாணியிடம் சொன்னாள். சொன்னபிறகுதான், தன் வாயிலும் 'நாங்க' வந்துவிட்டதைக் கவனித்தாள்.

பங்குனி மாதம் பெண் குழந்தை பிறந்தது. சின்னபொண்ணு என்று பேர் வைத்தாள். பிரசவம் பார்க்கக் கூப்பிட்டதற்கு ஊரில் யாரும் வரவில்லை. கூட்டேரிப்பட்டில் பிறந்த வீட்டில்தான் பெற்றாள். குழந்தை நன்றாக அழுதது, நன்றாகக் குடித்தது, எல்லாக் குழந்தைகளையும்போல் இருந்தது. சுப்பராயலு வந்து பார்த்தான். தூக்கிக் கொஞ்சினான். பிறகு இரண்டு கையிலும் ஏந்தி இடப்பக்கம் நீட்டினான். அந்தரத்தில் கைகள் லேசாகத் தளர்ந்தன.

கோவிந்தம்மாள் பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"யாருகிட்டக் குடுக்கறீங்க? சொல்லுங்க, யாருகிட்ட?"

அவன் கண் கலங்கியது. "எனக்குத் தெரியலடி," என்றான். வெகு நாளைக்கப்புறம் அவன் வாயிலிருந்து 'எனக்கு' என்று வந்தது. "அவரு எந்திரிக்கவே இல்ல. நாங்க எந்திரிச்சி வந்துட்டோம், அவரு அங்கயே இருக்காரு. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது. எனக்குச் சொல்லத் தெரியல."

அன்றைக்கு அவள் பயப்படுவதை விட்டாள். பயம் போய்விடவில்லை, அதற்கு நேரமில்லை என்று ஆகிவிட்டது. டீக்கடையில் வளர்ந்தவள். பெஞ்சில் வந்து உட்கார்ந்தவன் எழுந்து போகாவிட்டால் இரண்டே வழிதான் என்று அவள் அப்பா சொல்வார்: ஒன்று அவனைக் கிளப்ப வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தில் வேறு ஆளை உட்காரவைக்க வேண்டும்.

மறுபடியும் வைகாசி வந்தது. சுப்பராயலு படுக்க வேண்டாம் என்று பச்சைமுத்து சொல்லிப் பார்த்தார். அந்த வீட்டில் வேறு ஆண் இல்லை. "நாங்க படுக்கணும்," என்று அவன் ஒரே பிடியாக நின்றான். சக்கரபாணியும் அம்சவள்ளியும் வந்திருந்தார்கள். மற்ற நாலு பேரும் சுப்பராயலுவிடமிருந்து ஒரு முழம் தள்ளியே படுத்தார்கள்.

துணி மூடியாயிற்று. வெள்ளையம்மாள் தொண்டையைச் செருமினாள். கோவிந்தம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்சவள்ளியிடம் போனாள். அவர் பேனாவைத் திறந்து எழுதத் தயாராக நின்றிருந்தார்.

"இத்தப் புடிங்கம்மா," என்று குழந்தையை நீட்டினாள்.

அம்சவள்ளி நோட்டையும் பேனாவையும் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். கோவிந்தம்மாள் இடுப்பில் செருகியிருந்த வெள்ளை வேட்டியை உருவி, நேராகப் பொட்டலுக்குள் நடந்தாள். சுப்பராயலுவின் இடப்பக்கம், எல்லோரும் கண்ணை எடுத்துக்கொள்கிற அந்த வெறும் மண்ணில், மல்லாந்து படுத்துத் தலைவரை மூடிக்கொண்டாள்.

கூட்டம் கொந்தளித்தது. பொம்பளை படுகளத்தில் படுப்பதாவது! பூசாரியின் தம்பி அவள் கையைப் பிடித்து இழுக்க ஓடினான்.

"தொடாதடா!" பச்சைமுத்து போட்ட சத்தத்தில் அவன் நின்ற இடத்திலேயே நின்றான். "படுத்தாச்சி. இனிமே சாட்டைதான் தொடணும். போன வருசம் தொட்டுப் பட்டது போதாதா?"

வெள்ளையம்மாள் ஆறாவது துணியை ஒருதடவை பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். ஐந்து பேருக்கும் அழுதாள். நிறுத்தினாள். மூச்சை இழுத்து, ஆறாவதாக ஒரு பெண்ணுக்கு, தாலியோடும் பூவோடும் போன ஒரு பெண்ணுக்கு அழ ஆரம்பித்தாள். அது படுகளத்து ஒப்பாரி இல்லை. எந்தச் சாவு வீட்டிலிருந்து எடுத்தாள் என்று அவளுக்கும் பிறகு சொல்லத் தெரியவில்லை.

துணிக்கடியில் வெளிச்சம் பாலைப்போல் இருந்தது. கோவிந்தம்மாளுக்கு முதலில் தெரிந்தது தரைதான். சுற்றிலும் கால் வைக்க முடியாமல் கொதிக்கிற மண். அவள் முதுகுக்குக் கீழே மட்டும் இரவெல்லாம் தண்ணீர் நின்ற வயல்போல் சில்லென்று இருந்தது. ஒப்பாரி தூரத்தில் போயிற்று. தன் பேரைச் சொல்லி அழுவது வேறு யாருக்கோ நடப்பதுபோல் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வலப்பக்கத்துத் துணி அசைந்து ஒரு கை வந்து அவள் கையைப் பிடித்தது. புருஷன் கைதான், கலப்பை பிடித்துக் காய்த்த கை.

"வந்துட்டியா?" என்று அவன் குரல் கேட்டது.

யாரைக் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவளிடம் அப்படி ஒரு குரலில் அவன் பேசியதில்லை. ஆனாலும் அவள்தான் பதில் சொன்னாள்.

"வந்துட்டேன். எந்திரிங்க, போலாம்."

பூசாரி சாட்டையோடு வந்தார். சுப்பராயலு முதல் தொடுதலிலேயே எழுந்தான். ஆறாவது துணியின் கால்மாட்டில் வந்து பூசாரி நின்றுவிட்டார், பச்சைமுத்துவைப் பார்த்தார். பச்சைமுத்து தலையசைத்ததும் பூசாரி தொட்டார். கோவிந்தம்மாள் எழுந்து உட்கார்ந்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தலைமயிரை அள்ளி முடிந்தாள்.

சுப்பராயலு வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தான்.

"எல்லாரும் எந்திரிச்சாச்சி," என்றான். அவள் பக்கம் திரும்பி, "வா, நாம ஊட்டுக்குப் போலாம்," என்றான்.

மிஷின் பக்கத்தில் குந்தியிருந்த சக்கரபாணி அதைக் கேட்டார். அந்த ஒரு சொல்லின் கனம் அங்கே அவளுக்கு அடுத்தபடி அவருக்குத்தான் புரிந்திருக்கும். மிஷினை அணைத்தார்.

அதற்குப் பிறகு சுப்பராயலு பாயில் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்துத் தூங்கினான். ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அந்த வருஷம் மல்லாட்டை பிடுங்க ஆள் வந்தார்கள். திண்டிவனத்து வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். சில வருஷம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து தடிமனாக ஒரு புத்தகம் வந்தது. ஒப்பாரிச் சொற்களைப் பற்றி, உறவுமுறைகளைப் பற்றி, விரதத்தைப் பற்றியெல்லாம் அதில் இருந்தது. டாக்டர் எழுத வேண்டிய பகுதி இல்லை. சுப்பராயலுவும் இல்லை, கோவிந்தம்மாளும் இல்லை. அதைப் பற்றி யாரோ சொன்னபோது, "நல்லதாப் போச்சி," என்றாள் அவள்.

படுகளம் மட்டும் பழையபடி ஆகவில்லை. மறு வருஷமே பச்சைமுத்து ஆறாவதாக ஒரு துணியை விரிக்கச் சொன்னார். அதில் யாரும் படுப்பதில்லை. காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைப்பார்கள். பூசாரி அதையும் கடைசியாகச் சாட்டையால் தொடுவார். தொடும்போது ஊர் முழுக்க முதுகைக் காட்டித் திரும்பி நிற்கும். சக்கரபாணியின் மாணவர் ஒருவர் 1965-ல் வந்து இது எப்போதிலிருந்து வழக்கம் என்று கேட்டபோது, பச்சைமுத்து கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து ஆறுதாங்க," என்றார். அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

அதற்கடுத்த வருஷம் விக்கிரவாண்டிச் சந்தையில் கோவிந்தம்மாள் அம்சவள்ளியைப் பார்த்தாள். பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, விழுப்புரத்தில் ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கிற பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தலையில் நரை கண்டிருந்தது. இரண்டு பேரும் டீ வாங்கிக்கொண்டு புளியமரத்து நிழலுக்கு ஒதுங்கினார்கள்.

"சின்னபொண்ணு எப்படி இருக்கா?"

"மூணாவது படிக்கிறாம்மா. வாயி ஜாஸ்தி. அவங்க அப்பாவுக்குச் சேத்து இவ பேசறா."

அம்சவள்ளி டீயை ஊதிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒண்ணு கேக்கவா? எழுதறதுக்கு இல்ல. இவ்வளவு வருஷமா மனசுல கெடக்குது. அன்னிக்கு நீங்க படுத்தப்போ அந்த எடத்துல ஏதாவது..."

கோவிந்தம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். சந்தை இரைச்சலாக இருந்தது. மாட்டுக்காரன் ஒருவன் கொம்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"யாருகிட்டயும் சொன்னதில்லம்மா. அவருகிட்டகூட. காலியா இருக்கற எடத்துல படுக்கப் போறேன்னுதான் நெனச்சேன். படுத்ததும் எடம் பத்தல. என்னடா இதுன்னு ஒடம்பக் குறுக்கினேன். அப்ப எனக்கு எடது கைப்பக்கம்..." டம்ளரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "மெதுவா நகந்து எடம் உட்டாங்க."

"யாரு?"

"கேக்கலம்மா. நல்ல மாதிரிதான் இருந்திச்சி. பஸ்ஸுல நாம ஏறனா ஒக்காந்திருக்கறவங்க ஒதுங்கிக் குடுப்பாங்களே, அந்த மாதிரி. கேட்டா வளரும்னு நீங்கதான அப்ப சொன்னீங்க?"

அம்சவள்ளி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கோவிந்தம்மாள் தன்னுடையதைக் குடித்து முடித்து, அவர் தோளை லேசாகத் தட்டினாள்.

"பயப்படாதீங்கம்மா. பொழப்பு ஓடிக்கினுதான் இருக்குது."

அவள் ஊர் வழியாகப் போகிற முகையூர் பஸ் வந்துவிட்டது. வீட்டில் கேப்பை காயப்போட்டுவிட்டு வந்திருந்தாள். மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. புது மண்வெட்டியை முந்தானையில் சுற்றி இடுக்கிக்கொண்டு, "ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வாங்க, கோழி அடிச்சிப் போடறேன்," என்று திரும்பிச் சொல்லிக்கொண்டே ஓடி, நகர ஆரம்பித்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டாள்.